அரைக்கால் சுற்று

1

“இறுக்காத! சொல்றேன்ல, இறுக்காத!”

“அத்தை, முதல்ல கையை எடுங்க.”

“கால் சுத்து இறுக்கினா நடு ரேஸ்ல நின்னுடும். போன தடவை நின்னுச்சா இல்லையா?”

“நின்னுச்சு. அதுக்காக பால் வண்டி மாதிரி உருட்டிட்டுப் போகச் சொல்றீங்களா?”

“உருட்டினாலும் கடைசி வரைக்கும் வந்து சேரும்ல?”

“நான் மெதுவா போனா யாருக்கு லாபம்? உங்க புள்ளைக்கு. அதுக்குத்தானே இவ்வளவு பாடு படறீங்க?”

அப்புறம் திருப்புளியை யாரோ மேசைமேல் வைத்தார்கள். எறியவில்லை, வைத்தார்கள். எறிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். எறிகிற சண்டை எல்லா வீட்டிலும் இருக்கிறது.

இந்தக் கதை எங்கே கிடைத்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே நிற்கிற மதில் சுவரில். சுவர் என்னைவிட ஒரு சாண் உயரம். குளியலறை வாளியைக் கவிழ்த்துப் போட்டு ஏறினால் சரியாக இருக்கும். துணி காயப்போடத்தான் ஏறினேன். [கொடி வீட்டின் மறுபக்கத்தில் அல்லவா இருக்கிறது என்று கேட்கிறவர்கள் நேராக அடுத்த பகுதிக்குப் போகலாம்.]

2

முதலில் இப்படித்தான் ஆரம்பித்தேன்:

கணவன் விட்டுப்போன வீட்டில் ஒரு பெண்ணின் மௌனம் என்பது—

எந்த மௌனம்? ஞாயிறு காலையானால் அந்த வீட்டுச் சத்தத்துக்குத் தெருநாய்கள் அடுத்த தெருவுக்குக் குடிபோகின்றன. அடித்துவிட்டேன்.

சின்னஞ்சிறு இன்ஜினின் இதயத் துடிப்பில் இரு பெண்களின்—

எழுதும்போதே எனக்கு வெட்கமாகிவிட்டது. இன்ஜினுக்கு இதயம் கிடையாது, கார்ப்பரேட்டர் உண்டு. அதில் ஓர் ஊசித் திருகு உண்டு. சண்டை அந்தத் திருகைப் பற்றியது.

அந்த இன்ஜின் இருப்பது ஒரு பக்கியில்; பக்கி என்பது ரிமோட்டில் ஓடும் பந்தய வண்டி. கைக்குழந்தை நீளம் இருக்கும். பொம்மை என்று சொல்லிவிடாதீர்கள். நான் ஒருமுறை சொல்லி, ஒரு வாரம் பக்கத்து வீட்டில் முகம் கொடுத்துப் பேசவில்லை. நைட்ரோ கலந்த எரிபொருளைக் குடித்துவிட்டு நாலுகால் பாய்ச்சலில் ஓடும், மேடு கண்டால் பறக்கும், நீலமாகப் புகை விடும். ஊசித் திருகை இறுக்கினால் உள்ளே போகிற எரிபொருள் குறையும். வேகம் கூடும், சூடும் கூடும், அளவு மீறினால் இன்ஜின் பாதியில் செத்துப்போகும். தளர்த்தினால் வண்டி நிறையக் குடித்துக்கொண்டு, புகைந்துகொண்டு, சாவகாசமாக ஊர் சுற்றும். நிற்காது. ஜெயிக்கவும் ஜெயிக்காது.

மருமகள் இறுக்குகிற கட்சி. மாமியார் தளர்த்துகிற கட்சி. இதற்குமேல் ஒரு குடும்பக் கதைக்கு என்ன வேண்டும்?

3

மருமகள் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள். மாமியார் ஓய்வு பெற்ற விளையாட்டு டீச்சர்; அவர் மெதுவாகப் பேசினால் மூன்று வீட்டுக்குக் கேட்கும். மகனைப் பந்தயத் திடலில் ‘சாம்பியன்’ என்பார்கள். ஒரே ஒரு கோப்பைதான். ஆனால் அதை அவன் துடைக்கிற துடைப்பில் பத்துக் கோப்பை இருப்பதுபோல் தெரியும்.

அவன் வீட்டை விட்டுப் போன அன்றும் வாளி கவிழ்ந்துதான் இருந்தது. புது வண்டியைக் காரில் ஏற்றினான். பழையதைக் காலால் ஓரம் தள்ளினான்.

“இத நீயே வச்சுக்க. நான் இல்லாம இது உனக்கு ஸ்டார்ட்கூட ஆகாது.”

மறுநாள் அவள் அந்த இன்ஜினைக் கழற்றிச் செய்தித்தாள்மேல் பரப்பி, துணுக்குத் துணுக்காகத் துடைத்துக்கொண்டிருந்தாள். திரும்ப மாட்டியபோது இரண்டு திருகு மிச்சம். மறுபடி கழற்றினாள். முதல் வாரம் எரிபொருளை அதிகமாக ஏற்றி இன்ஜினை மூழ்கடித்தாள். அப்புறம் ஸ்டார்ட் ஆனது. சக்கரம் மட்டும் தனியாகக் கழன்று எங்கள் வீட்டுக்கு வந்தது. நான் எடுத்துக்கொடுக்கப் போனேன். [சும்மா ஒன்றும் போகவில்லை. வீட்டுக்குள் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டாமா?]

“எதுக்கும்மா இந்த வம்பு?” என்றேன்.

“ஃபைனல்ல கடைசி வரைக்கும் இது ஓடணும்க்கா. அவன் பாக்கணும்.”

“நின்னுட்டா?”

“நின்னா மறுபடி ஸ்டார்ட் பண்ணுவேன்.”

இதுவரை மூன்று ஃபைனல், மூன்றிலும் நின்றது. நாலாவது ஃபைனல் அன்று காலையில் நடந்த சண்டையைத்தான் முதலில் கேட்டீர்கள். சண்டை முடிந்ததும் கால் சுற்று கேட்டவள் அதில் பாதி, அரைக்கால் சுற்று மட்டும் இறுக்கினாள். மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

4

எனக்கு இந்த மாமியார் பாத்திரத்தின்மேல் நம்பிக்கை வரவில்லை.

மகன் போய்விட்டான், மருமகளோடு இருந்துவிட்டார். எதற்கு? தெருவில் விசாரித்தேன். மாத்திரைக்கடைக்காரர், “மகன் வீட்ல லிஃப்ட் இல்லையாம்” என்றார். இஸ்திரி போடுகிறவர், “அந்தம்மா உளவு பாக்குது. வண்டி மெதுவா ஓடற மாதிரி பாத்துக்கறதே புள்ளை ஜெயிக்கத்தான்” என்றார். எழுதுகிறவளுக்கு இரண்டாவது காரணம்தான் இனிக்கும். அதை வைத்து ஒரு பத்தியும் எழுதினேன்:

மருமகள் தூங்கிய பிறகு அவர் மெல்ல எழுந்து திருகைத் தளர்த்தி—

பொய். அவர் எழுந்தால் மெல்ல எழ மாட்டார். தெருவே எழுந்துவிடும்.

5

பந்தயத்தன்று நானும் போனேன். கதைக்காகத்தான்.

ஓட்டுகிறவர்கள் உயரமான மரமேடையில் வரிசையாக ரிமோட்டோடு நிற்கிறார்கள். கீழே மேடுபள்ளமாக மண்பாதை. மேடைக்கு அடியில் எரிபொருள் ஊற்றுகிற ஆட்கள், கையில் புட்டியோடு. ஒலிபெருக்கியில் ஒருவர் விடாமல் பேசுகிறார். அவரை மைக்காரர் என்றே வைத்துக்கொள்வோம். கொஞ்சம் வழுக்கை, நல்ல குரல்.

அந்தத் திடலில் ஒரு வழக்கம். ஒரு பந்தயத்தில் ஓட்டியவர்கள் அடுத்த பந்தயத்தில் பாதையோரம் நிற்க வேண்டும். கவிழ்கிற வண்டி யாருடையதானாலும் ஓடிப்போய் நிமிர்த்திவிட வேண்டும். அப்படி நிற்பவருக்கு மார்ஷல் என்று பெயர். தகுதிச் சுற்றில் மருமகள் பெரிய மேட்டுக்குப் பக்கத்தில் மார்ஷலாக நின்றாள். சாம்பியனின் வண்டி பறந்து வந்து, மல்லாந்து, அவள் காலடியில் விழுந்தது. நாலு சக்கரமும் ஆகாயத்தில் சுற்றுகின்றன.

“மார்ஷல்!” என்று மேடையிலிருந்து கத்தினான்.

கட்டின பெண்டாட்டியை!

என் கதையில் அவள் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்கிறாள். நிதானமாக. அல்லது வண்டியை எடுத்து, வந்த திசையைப் பார்த்தே வைக்கிறாள். இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன், நன்றாகவே வந்திருக்கின்றன. என்ன செய்வது, நான் நேரில் பார்த்துத் தொலைத்தேன். அவள் பாய்ந்து எடுத்தாள். போகிற பக்கம் பார்த்து வைத்தாள். பின்னால் வந்த வண்டிக்கு வழிவிட்டு ஒதுங்கினாள். உள்ளங்கைக் கரியைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். அவ்வளவுதான்.

“நல்லா எடுத்தம்மா!” என்றார் மைக்காரர். அவளுக்குக் காது சிவந்தது. [இதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.]

6

ஃபைனல். அரை மணி நேர ஓட்டம். தொட்டி சின்னது, அதனால் அடிக்கடி உள்ளே வந்து குடித்துவிட்டுப் போக வேண்டும். மேடையில் நிற்கிறவளுக்குத் தொட்டியில் எவ்வளவு இருக்கிறதென்று தெரியாது. எப்போது வருவது, வராமல் இருப்பது எல்லாம் கீழே நிற்கிறவர் சொல்வதுதான். சொன்னவர் மாமியார்.

ஒவ்வொரு முறையும் கொஞ்சம் முன்கூட்டியே கூப்பிட்டு, தளும்பத் தளும்ப ஊற்றினார். ஊற்றிவிட்டு விரலில் எச்சில் தொட்டு இன்ஜின் தலையில் வைப்பார். எச்சில் உடனே பொரிந்தால் சூடு அதிகம். ‘இன்ஜினுக்குக் காய்ச்சல் பாக்கறேன்’ என்பார். கடைசியாக வைத்தபோது எச்சில் நிதானமாகத்தான் பொரிந்தது. அவர் விரலைப் பார்த்தார், இன்ஜினைப் பார்த்தார்.

முடிய இரண்டு மூன்று சுற்றுகள்தான். சாம்பியன் முன்னால், இவள் ஒட்டிக்கொண்டு பின்னால். சாம்பியனின் வண்டி எரிபொருளுக்கு உள்ளே திரும்பியது. இவள் முந்திவிட்டாள்.

“அத்தை, நானும் வரட்டுமா?”

மாமியார் கையில் இருந்த புட்டியைக் கீழே வைத்தார். இரண்டு கைகளையும் தலைக்குமேல் குறுக்காகக் கட்டிக் காட்டினார்.

“வராத! ஓட்டு!”

ஊற்று ஊற்று என்று உயிரை வாங்கியவர், இப்போது வேண்டாம் என்கிறார். தொட்டி வற்றி வண்டி நின்றால் மகனுக்கு வெற்றி. இஸ்திரி போடுகிறவர் பக்கத்தில் இருந்திருந்தால் என் விலாவில் இடித்திருப்பார். ஆனால் இன்னொன்றும் உண்டு: அரைக்கால் சுற்று இறுக்கிய இன்ஜின் குறைவாகத்தான் குடிக்கும். எதை வேண்டாம் என்று சண்டை போட்டாரோ, அதை நம்பித்தான் அந்தக் கைகள் குறுக்கே போயிருக்க வேண்டும். அல்லது—

மருமகள் ஒரு நொடி குனிந்து அந்தக் கைகளைப் பார்த்தாள். ‘உங்க புள்ளைக்குத்தானே’ என்று காலையில் அவள் கேட்ட கேள்விக்கு அப்போதுகூடப் பதில் வந்திருக்கவில்லை.

“சரிங்க அத்தை” என்றாள். ஓட்டினாள்.

கடைசிச் சுற்றில் இன்ஜின் சத்தம் கிறீச்சென்று ஏறியது. தொட்டி காலியாகும்போது அப்படி ஏறும். சுவருக்கு இந்தப்பக்கம் நின்றே நான் கற்ற பாடம். வண்டி பெரிய மேட்டில் ஏறியது. பறந்தது. சத்தம் நின்றது.

7

மூன்று முடிவுகள் வைத்திருக்கிறேன். வண்டி கோட்டுக்கு முன்னாலேயே நிற்கிறது. வண்டி செத்த இன்ஜினோடு உருண்டு உருண்டு கோட்டைத் தாண்டுகிறது. உருண்டு வருகிற வண்டியும் பாய்ந்து வருகிற சாம்பியனின் வண்டியும் ஒன்றாகத் தாண்டி, மைக்காரருக்குப் பேச்சு வராமல் போகிறது.

நடந்தது எதுவென்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். என் ஆயுளில் நான் வெளியே விடாத ஒரே சமாச்சாரம் இதுதான். சொன்னால், வண்டி தாண்டியிருந்தால் அந்த அம்மாளைத் தெய்வம் என்பீர்கள். நின்றிருந்தால் துரோகி என்பீர்கள். உங்களை எனக்குத் தெரியாதா? நானும் உங்களில் ஒருத்திதானே. புட்டியைக் கீழே வைத்தபோது அவருக்கும் முடிவு தெரியாது. அதனால் உங்களுக்கும் வேண்டாம்.

நானாகவே ஒருநாள் மாமியாரிடம் கேட்டுப் பார்த்தேன். “யாருக்காகங்க கையைக் காட்டினீங்க?”

“இன்ஜின் சூடு சரியா இருந்துச்சு. காட்டினேன்” என்றார். “நீங்க வாளிய விட்டு இறங்குங்க, ஒருநாள் விழப்போறீங்க.”

அதற்கப்புறம் நடந்ததைச் சொல்லத் தடையில்லை. சாம்பியன் விவாகரத்து வாங்கி, வேறு கல்யாணம் செய்துகொண்டு, வேறு ஊருக்குப் போய்விட்டான். இப்போது மீன் வளர்க்கிறானாம். மருமகளும் மாமியாரும் சேர்ந்தே வீடு மாற்றினார்கள்; லாரியில் சாமான் கட்டும்போது, கயிறு இறுக்கமா தளர்வா என்று அரை மணி நேரம் சண்டை. அடுத்த வருஷம் மருமகள் மைக்காரரைக் கட்டிக்கொண்டாள். [குறித்துவைக்கச் சொன்னேனே.] பெண் வீட்டார் பக்கம் நின்று வாசலில் எல்லோரையும் வரவேற்றவர் மாமியார்; ஒலிபெருக்கி தேவைப்படவில்லை. மருமகளின் புருஷன் தனக்கு என்ன முறை வேண்டும் என்று அவருக்கே புரியவில்லையாம். மைக்காரர் யோசிக்கவில்லை, அவரும் “அத்தை” என்றே கூப்பிடுகிறார். திருகு விஷயத்தில் அவர் எந்தக் கட்சி என்பது மட்டும் எனக்கு இன்னும் எட்டவில்லை.

அந்தப் புது வீட்டுக்குப் பக்கத்தில் யார் குடியிருக்கிறார்களோ தெரியாது. அது நீங்களாக இருந்தால், வாளியைக் கவிழ்த்துப் போட்டு ஏறுங்கள். ஞாயிறு காலை.