துடிச்சா வளருதுன்னு அர்த்தம்

நாலாவது மாடியில் இருந்தவர் கணக்கு வாத்தியார். இரண்டாவது மாடியில் இருந்தவன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் ஓடவைத்துவிட்டுத் தன் வீட்டுக்கு மட்டும் அவன் படியேறித்தான் போவான். அந்தக் கட்டடத்துக்கு லிஃப்ட் கிடையாது.

இருவரும் பழகியதே ஒரு சண்டையில்தான். ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஆறு நாள் உழைத்த அலுப்பில் அவன் படுத்துக் கிடந்தபோது மேலே யாரோ சுவரை இடித்துக்கொண்டிருந்தார்கள். பனியனோடு ஏறிப்போய்க் கதவைத் தட்டினான். திறந்தவர் கையில் சுத்தியல், தலையெல்லாம் சுண்ணாம்புத் தூள். பின்னால் சுவரில் ஒரு புத்தகப் பலகை ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கியது. திட்ட வந்தவன் அதைப் பார்த்ததும், “என்ன சார், சறுக்குமரமா?” என்றான்.

“அந்த நுனியைக் கொஞ்சம் பிடிங்க, சொல்றேன்,” என்றார் வாத்தியார். அவன் பிடித்தான். அந்தக் கையை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “இந்த மாதிரி கை எங்க சார் கிடைக்கும்?” என்றார்.

அன்றைக்கே பேச்சாகிவிட்டது. அவன் அவருக்கு உடம்பைப் பற்றிச் சொல்ல வேண்டியது, அவர் அவனுக்கு மரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியது. அவர் எந்தத் தச்சனிடமும் படித்தவரில்லை. நாலு பலகையைப் பாழாக்கி ஐந்தாவதில் தெரிந்துகொண்டவர். அவனும் எந்தப் பயிற்சியாளனும் இல்லை. பக்கத்துத் தெரு ஜிம்மில் பத்து வருஷம் காதில் விழுந்ததைச் சேர்த்து வைத்திருந்தான். ஆனால் புத்திமதி சொல்ல உட்கார்ந்தால் இருவருமே கரைகண்டவர்கள்.

“கோட்டு மேலயே அறுக்காத. வெளிப்பக்கமா அறு, கோடு மிஞ்சணும். கூடினா இழைச்சுக்கலாம், குறைஞ்சா யாரு வளர்த்துத் தருவா?” என்பார் அவர்.

“இடுப்பைத் தூக்கு வாத்தியாரே. இது தண்டால் இல்ல, தரையில எதையோ தேடுற மாதிரி இருக்கு,” என்பான் அவன்.

முதல் மாதத்திலேயே ‘நீங்க’ போய் ‘நீ’ வந்துவிட்டது. அவன் அவருக்குப் ‘பயில்வான்’. ஒண்டிக்கட்டை. கல்யாணப் பேச்சு இரண்டு தடவை வந்து தட்டிப்போனதும் அந்தப் பக்கமே திரும்பாமல் இருந்துவிட்டவன். வாத்தியாரின் மனைவி அவனை அண்ணா என்றாள். மகள் மாமா என்றாள். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டு பால்கனியில் மரத்தூளுக்கு நடுவே உட்கார்ந்து டீ குடிப்பதுதான் அவனுக்கு வாரம் முழுக்க இருந்த ஒரே வீட்டுச் சுகம்.

வாத்தியார் கணக்குக்காரர் அல்லவா, கட்டம் போட்ட நோட்டில் தேதிவாரியாக எழுதி வைப்பார். தண்டால் பன்னிரண்டு, பதினைந்து, இருபது. நாற்பத்து நாலாவது வயதில் முதல்முறையாக முப்பதைத் தொட்ட நாளில் நோட்டைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி இறங்கி வந்து காட்டினார்.

ஒரு மழைக்காலத்தில் அவர் ரம்பம் கோணலாகப் போக ஆரம்பித்தது. முதலில் ரம்பத்தைக் குறை சொன்னார்கள். பல்லைத் தீட்டினார்கள். பிறகும் கோணல்தான்.

“பிடியில தெம்பு இல்ல உனக்கு,” என்றான் பயில்வான். மறுநாளே கையால் அமுக்கும் ஸ்பிரிங் ஒன்றை வாங்கிக் கொடுத்தான். “காலையில அறுபது, சாயங்காலம் அறுபது. பாரு, மூணே மாசத்துல இரும்பாயிடும்.”

வாத்தியார் ஒருநாள் விடாமல் செய்தார். அறுபது ஐம்பதானது, ஐம்பது முப்பதானது. “ஏமாத்துறியா?” என்று கேட்டான். “கணக்குல புலி, கசரத்துல எலி,” என்று மகள் எதிரிலேயே கேலி செய்தான். அவரும் சிரித்தார். இன்னொரு ஞாயிற்றுக்கிழமை சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினார். தோலுக்கு அடியில் புழு ஊர்வதுபோல் தசை தானாகத் துடித்துக்கொண்டிருந்தது.

“இது என்ன பயில்வான்? தூங்கும்போதுகூட நிக்க மாட்டேங்குது.”

அவன் அதை ஒரு விரலால் அமுக்கிப் பார்த்தான். ஜிம்மில் யாரோ எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. “துடிச்சா வளருதுன்னு அர்த்தம் வாத்தியாரே. இன்னும் ஒரு செட் சேர்த்துக்க,” என்றான்.

ஆறு மாதம் இப்படிப் போனது. வகுப்பில் சாக்பீஸ் நழுவி விழுந்தது. கரும்பலகையின் மேல்பாதிக்குக் கை எட்டாமல் கீழ்ப்பாதியில் மட்டும் எழுதினார். ‘சார் கணக்கை உட்காரவெச்சே சொல்லித் தர்றாரு’ என்று பிள்ளைகள் சொல்லிச் சிரித்ததை அவரே வந்து சொன்னார். பயில்வான் தோள்பட்டைக்குத் தனியாக ஒரு பயிற்சி சொன்னான். கடைசியில் வீட்டுப் பூட்டில் சாவியைத் திருப்ப முடியாமல் அவர் வாசலில் நின்ற அன்று, மனைவி அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள்.

மூன்று வாரம் என்னென்னவோ பரிசோதனை. முடிவு தெரிந்து வந்த அன்று மாலை மாடிப்படியில் பயில்வானைப் பார்த்ததும் கணவனும் மனைவியும் நின்றார்கள். வாத்தியார் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“தசையை ஆட்டி வைக்கிற நரம்பு இருக்கு பாரு, அது ஒவ்வொண்ணா செத்துக்கிட்டு வருதாம். கை, அப்புறம் கால், அப்புறம் தொண்டை. மருந்து இருக்கு, நிறுத்தறதுக்கு இல்ல, கொஞ்சம் தள்ளிப்போட.” பாடம் நடத்துகிற குரலிலேயே சொன்னார்.

மனைவி சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். “இத்தனை நாள் ஏன் வரலன்னு கேட்டாரு டாக்டர். எக்சர்சைஸ் பண்ணிக்கிட்டு இருந்தாருன்னு சொன்னேன். ஒரு மாதிரி பாத்தாரு,” என்றாள்.

அவள் குத்திக்காட்டச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். ஆனால் அவனுக்கு அது ஆணி அடித்ததுபோல் இறங்கிவிட்டது.

அதற்குப் பிறகு நாலு ஞாயிற்றுக்கிழமை அவன் மேலே போகவில்லை. மேஸ்திரியிடம் கேட்டு ஞாயிறு வேலையை வாங்கிக்கொண்டான். ஜிம் பக்கமும் போகவில்லை. எடையைத் தூக்க நினைத்தாலே யாரோ பக்கத்தில் நின்று ‘ஐம்பது, நாற்பது, முப்பது’ என்று பின்னோக்கி எண்ணுவதுபோல் இருந்தது. படியேறும்போது மேல்மாடியில் செருப்புச் சத்தம் கேட்டால் தன் வீட்டுக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டான்.

ஐந்தாவது வாரம் அந்தக் கதவை வாத்தியார் மனைவி தட்டினாள். உள்ளே வரவில்லை.

“ஞாயித்துக்கிழமை ஆனா காலையில குளிச்சு பால்கனியில உக்காந்துக்கிறாரு. டீயைக் குடிக்கவும் மாட்டேங்கறாரு. ஆறிப்போயி நான் கொட்டறேன். இது உங்களுக்கு நல்லாருக்காண்ணா?”

“எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டும்மா வருவேன்?”

“அவருக்கு உங்க மேல கோவமே இல்ல. எனக்குக் கொஞ்சம் இருக்கு. அது என்கிட்டயே இருந்துட்டுப் போகட்டும். நீங்க வாங்க,” என்றாள்.

போனான். வாத்தியார் இளைத்திருந்தார். வலது கை மடியில் யாரோ வைத்துவிட்டுப் போன பொருள்போல் கிடந்தது. அவன் காலடியில் உட்கார்ந்து, நாலு வாரமாக மனசுக்குள் உருப்போட்டதையெல்லாம் சொல்ல வாயைத் திறந்தான். அவர் விடவில்லை.

“டாக்டர்கிட்ட கேட்டுட்டேன். உன்னால வரல. உன்னால கூடவும் இல்ல.”

“முன்னாடியே போயிருந்தா?”

“முன்னாடியே தெரிஞ்சிருக்கும். ஆறு மாசம் முன்னாடியே அழ ஆரம்பிச்சிருப்போம், வேறென்ன?” என்றார். பிறகு பால்கனி மூலையில் சாக்குப் போட்டு மூடியிருந்த பலகைகளைக் கண்ணால் காட்டினார். “பொண்ணு பன்னெண்டாவது. உக்காந்து படிக்க மேசை வேணும். கால் நாலும் அறுத்தாச்சு, மிச்சம் அப்படியே கெடக்கு. எனக்கு வாய் இருக்கு, உனக்குக் கை இருக்கு. என்ன சொல்ற?”

‘உன்னால வரல’ என்றதை அவன் நம்பினானா இல்லையா என்பது அவனுக்கே தெரியாது. ஆனால் எழுந்து சாக்கை எடுத்தான்.

அந்த மேசை ஐந்து மாதம் எடுத்தது. ஒரு கட்டையில் பொந்து, இன்னொன்றில் நாக்கு. ஒன்றுக்குள் ஒன்று இறங்க வேண்டும். அவன் வெட்டிய பொந்தில் எலி குடும்பம் நடத்தலாம் என்றார் வாத்தியார். உளியை அவன் இரும்புவேலைக்காரன் கையால் அடிக்க, மரம் பிளந்தது. “கெஞ்சிக் கேக்கணும்டா மரத்தை. நீ மிரட்டுற.” இரண்டு பலகை வீணானது; மூன்றாவது ஒருவழியாக உட்கார்ந்தது.

வேலை முடிந்ததும் பயிற்சி. ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்தபடி மூட்டு இறுகாமல் இருக்க அவர் கையையும் காலையும் மெதுவாக மடக்கி நீட்டுவான். “நான் படுத்துக்கறேன், நீ எனக்காக எக்சர்சைஸ் பண்ற. இந்த யோசனை முன்னாடியே தோணாம போச்சே,” என்பார். அவன் சத்தமாக எண்ணுவான், மேலே ஏறும் எண்ணாகவே எண்ணுவான்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் நாலு மாடியும் அவரை முதுகில் சுமந்து இறக்குவான், திரும்ப ஏற்றுவான். எடை தூக்கிப் பழகிய உடம்புக்குக் கனம் தெரியும். முதல்முறை அறுபத்தைந்து கிலோ இருந்தார். அடுத்த மாதம் அறுபது. அதற்கடுத்த மாதம் ஐம்பத்தைந்துகூட இல்லை. ஆஸ்பத்திரித் தராசு சொல்வதற்கு முன்பே முதல் திருப்பத்தில் அவனுக்குத் தெரிந்துவிடும். அதை யாரிடமும் சொன்னதில்லை.

மேசைக்குக் கடைசியாக உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது வாத்தியாரின் பேச்சு குழறத் தொடங்கியிருந்தது. மனைவிக்கும் மகளுக்கும் மட்டுமே முழுதாகப் புரியும்; இவனுக்குப் பாதிதான். மகள் புத்தகத்தை அடுக்கிவைத்து உட்கார்ந்தாள். அவர் நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஏதோ சொன்னார். “அழகா இல்ல, ஆனா ஆடலைங்கறாரு,” என்று மகள் மொழிபெயர்த்தாள். எல்லோரும் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு மூன்று மாதம் இருந்தார்.

ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்குப் போனார். பயில்வான் அப்போது ஒரு துணிக்கடையில் லிஃப்ட் ஓடும் குழிக்குள் இருந்தான். அங்கே போனுக்கு சிக்னல் கிடைக்காது. பன்னிரண்டு மணிக்கு வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது, ஒரே எண்ணிலிருந்து பதினோரு அழைப்புகள். திருப்பிப் பேசவில்லை. என்னவென்று தெரியும்.

அந்தக் கட்டடத்தின் படிக்கட்டு குறுகல். மாலையில் உடலைத் தூக்கி வந்தவர்கள் மூன்றாவது மாடித் திருப்பத்தில் திணறினார்கள். சாய்க்கவும் முடியவில்லை, திருப்பவும் முடியவில்லை. “விடுங்க,” என்று முன்னால் வந்தான். வழக்கம்போல் சுமக்க முடியாது. இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டான். மாதாமாதம் குறைந்துகொண்டே வந்த மனிதர் அன்றைக்குக் கனத்தார். ஒவ்வொரு படியாக இறங்கினான். தெரு வரும்வரை யாரிடமும் மாற்றிக் கொடுக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து, வாடகைக்கு வழியில்லாமல், மகளின் பரீட்சைக்கு முன்பே வீட்டைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. மனைவியின் அண்ணன் தன் வீட்டு மாடியில் இரண்டு அறை ஒதுக்கியிருந்தார், நகரத்தின் மறுகோடியில். சாமான் ஏற்ற வந்த ஆட்கள் மேசையைத் தூக்கி வாசலுக்குக் கொண்டுவந்து, நேராகப் பார்த்தார்கள், படுக்கவைத்துப் பார்த்தார்கள். போகவில்லை.

“எல்லாத்தையும் அங்குலம் அங்குலமா அளந்தீங்களே ரெண்டு பேரும். வாசலை யாருமே அளக்கலையா?” என்றாள் அவள். அவர் போனதிலிருந்து அவள் முகத்தில் சிரிப்பு போன்ற ஒன்று வந்தது அப்போதுதான்.

“அளந்தாரும்மா. மேல்பலகையைக் கழட்டற மாதிரி வெறும் ஸ்க்ரூ போடச் சொன்னாரு. எனக்குத்தான் என் வேலை மேல நம்பிக்கை இல்ல. அவரு தூங்கினப்போ பசை போட்டு இறுக்கிட்டேன். இனி கழட்ட முடியாது.”

சொல்லிவிட்டுத் தலை குனிந்து நின்றான். இந்த ஒரு தப்பைச் சொல்லும்போதே அந்த ஆறு மாதத் தப்பும் கூடவே வந்து நின்றது.

“கெட்டதுக்கா பண்ணீங்க? ஆடக்கூடாதுன்னுதானே பண்ணீங்க?” என்றாள். எதைப் பற்றிச் சொன்னாள் என்று அவன் கேட்கவில்லை. “காலை அறுத்துடுங்கண்ணா. அங்க வந்து ஒட்டிக் குடுங்க.”

கூலிக்கு வந்தவர்கள் அறுக்க முன்வந்தார்கள். அவன் விடவில்லை. தரையில் மண்டியிட்டு ரம்பத்தை எடுத்தான். நாலு காலையும் அவனே அறுத்தான். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. மகள் துடைப்பத்தை எடுத்து மரத்தூளைக் கூட்டினாள். காலி வீட்டில் அந்தச் சத்தம் பெரிதாகக் கேட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பஸ் மாறி அங்கே போனான். இரும்புப் பட்டை வைத்து நாலு காலையும் திருகினான். பார்த்துச் சொல்லித் திருத்த ஆள் இல்லை; ஒரு கால் கொஞ்சம் குட்டையாகிவிட்டது. அட்டையை மடித்து அடியில் செருகினான். மகள் புத்தகத்தை விரித்து உட்கார்ந்தாள்; பத்து நாளில் பரீட்சை. மனைவி டீ கொண்டுவந்தாள்.

“அடிக்கடி வாங்கண்ணா,” என்றாள்.

“வர்றேம்மா,” என்றான். ஆறுவதற்குள் டீயைக் குடித்து முடித்துவிட்டு, பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தான்.