காசம்மாளின் சைகோன் கோப்பைகள்

கோபம் வந்தால் காசம்மாள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகுவாள். பிரெஞ்சுக்காரர் ஆண்ட பாகூரின் சேரியில் அது எல்லோருக்கும் தெரிந்த சேதி. அவள் செருகிவிட்டால், வாயாடிகள்கூட அடுப்பில் ஏதோ தீய்கிற மாதிரி நடையைக் கட்டிவிடுவார்கள். பண்ணை அரங்கநாதனின் ஆள் பக்கிரிக்கு மட்டும் அன்றைக்கு அது கண்ணில் படவில்லை.

"ஆண்டை அந்த சைகோன் சாமான கேட்டாரு. ஏரி மதகப் பாக்க வெள்ளக்கார இஞ்சினீரு வர்றாராம். தேத்தண்ணி குடுக்கணுமாம்."

அந்தச் சாமானில் இதுவரை காசம்மாளே வாய் வைத்ததில்லை.

அவள் புருஷன் இன்னாசிமுத்து சைகோனில் ஒரு கிடங்குக்குக் காவல்காரனாகப் போய் வருஷங்கள் ஆகின்றன. இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து இறங்குவான் என்று முந்தின கப்பலில் வந்த மரியதாஸ் சொல்லியிருந்தான். சொன்னதோடு ஒரு மரப்பெட்டியையும் கொண்டுவந்து கொடுத்தான். வைக்கோலுக்குள்ளே ஒரு வெள்ளைப் பீங்கான் கூஜா, மூக்கும் மூடியும் வைத்தது, வயிற்றில் நீலப் பூ. காது வைத்த கோப்பைகள் நாலு, அதற்கேற்ற தட்டுகள். பித்தளை வலை போட்ட ஒரு வடிகட்டி. தகர டப்பா நிறையத் தேயிலை.

"நான் வந்து எறங்கினதும் நீயும் நானும் நம்ம வூட்டுல சமமா ஒக்காந்து இதுல குடிக்கணும், அதுவரைக்கும் பத்திரம்னு சொல்லச் சொன்னாரு," என்றான் மரியதாஸ். எப்படிப் போடுவது என்றும் அவனே சொல்லிக்கொடுத்தான். தண்ணீர் தனியாகக் கொதிக்க வேண்டும். கூஜாவில் தேயிலையைப் போட்டு, மேலே வெந்நீரை ஊற்றி மூடி, மாதாவை வாழ்த்தும் பிரியதத்த மந்திரத்தை நிதானமாக மூன்று தரம் சொல்ல வேண்டும். அப்புறம் வடிகட்டிப் பாலும் சர்க்கரையும் சேர்க்க வேண்டும். காசம்மாள் ஒரு சிட்டிகை எடுத்து மண்சட்டியில் போட்டுப் பழகிப் பார்த்தாள். கூஜாவைத் தொடவில்லை. அது மாதா படத்துக்குக் கீழே, துணி போர்த்திக்கொண்டு, இன்னாசிமுத்துவுக்காகக் காத்திருந்தது.

அதைத்தான் பக்கிரி கேட்டுக்கொண்டு நிற்கிறான். ஆண்டை கேட்டால் இல்லையென்று சொல்லிவிட முடியுமா? அவர் நிலத்தில் களை பறித்துத்தான் அவள் இத்தனை வருஷம் கஞ்சி குடித்திருக்கிறாள். கூஜாவையும் கோப்பைகளையும் பெட்டியில் வைத்துத் தூக்கிக் கொடுத்தாள்.

"ஒடையாம வரணும்பா."

"ஆண்டை வூட்டுக்குப் போவுது, அதுக்கு இன்னா கொற?" என்றான் பக்கிரி.

சற்று நேரத்தில் திரும்பி வந்தான். வடிகட்டி எங்கே என்றான். கொடுத்தாள். மறுபடி வந்தான். தேயிலை வேண்டுமாம். டப்பாவையும் கொடுத்தாள். மூன்றாவது தடவை வந்தவன், "நீயும் வாயேன். அதப் போடற வெதம் அங்க யாருக்கும் தெரியல," என்றான். சொந்த வீட்டில் வெறும் அடுப்பும் தண்ணீர்க் குடமும் மிஞ்ச, காசம்மாள் அவன் பின்னால் போனாள்.

போகிற வழியெல்லாம் மனசு கொதித்தது. அரங்கநாதன் வீட்டில் வெள்ளி டம்ளர் இருக்கிறது, பித்தளை இருக்கிறது, பரண் நிறைய வெண்கலம் இருக்கிறது. அப்படியிருக்க இவள் சாமான் எதற்கு? யோசிக்க யோசிக்கத்தான் விளங்கியது. மாட்டிறைச்சி தின்கிற வெள்ளைக்காரன் வாய் அவர்கள் வெள்ளி டம்ளரில் படக்கூடாது. சேரிக்காரி கோப்பையில் தாராளமாகப் படலாம். இவள் பாத்திரத்துக்கு எந்த எச்சிலும் பொருத்தம்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். என்ன நியாயம் பாருங்கள்!

வீட்டின் பின்பக்கம், மாட்டுக் கொட்டகை ஓரமாகத்தான் அவள் நிற்கலாம். அங்கிருந்து அடுப்பங்கரை வாசல் தெரியும். அரங்கநாதனின் மனைவி கஸ்தூரி அம்மாள் அந்த வாசலில் முகம் வெளுத்து நின்றிருந்தாள்.

"வந்தியாடி? சொல்லு, எம்மாம் நேரம் மூடி வக்கணும்?"

"மூணு பிரியதத்தம் சொல்ற நேரம்மா."

"சீ, அது எங்களுக்கு ஆவாது. நான் கோவிந்த நாமம் சொல்லிக்கறேன்."

"சொல்லுங்க. கூஜாவ எங்கம்மா காணோம்?"

கஸ்தூரி அம்மாளின் கண் ஒரு கணம் சாம்பல் குவியல் பக்கம் போய்த் திரும்பியது. காசம்மாளும் அங்கே பார்த்தாள். நீலப் பூ ஒரு துண்டில் பாதியும் இன்னொரு துண்டில் பாதியுமாகக் கிடந்தது. மூக்கு தனியாக விழுந்திருந்தது.

"அய்யோ!"

"கத்தாதடி, வாசல்ல மோட்டார் வந்து நிக்குது," என்று கஸ்தூரி அம்மாள் கையை ஆட்டினாள். "நான் இன்னா வேணும்னா செஞ்சேன்? உங்க வூட்லேர்ந்து வந்த சாமான். அவரும் அந்த இஞ்சினீரோட ஒண்ணா ஒக்காந்து குடிச்சாகணும். அப்படியே எடுத்து வச்சிட முடியுமா? பித்தளைன்னா நெருப்புல காட்டினா தீட்டு போயிடுது. இதையும் அப்படித்தான் வறட்டித் தணல்ல வச்சேன். டப்புனு வெடிச்சிப் போச்சு. இது இன்னா பாத்திரமோ, இன்னா எழவோ!"

பாத்திரத்தின் மேல் பழி. கடல் தாண்டி, அலையில் ஆடி, ஒரு கீறல்கூட இல்லாமல் வந்த கூஜா. ஊர்த்தெருவைத் தாண்ட முடியவில்லை.

"கோப்பை?"

"அத நெருப்புல வக்கல. புளி போட்டுத் தேச்சி, கோமியம் தெளிச்சி எடுத்துக்கிட்டேன்," என்றாள் கஸ்தூரி அம்மாள், பெரிய உபகாரம் செய்ததுபோல. பித்தளைத் தவலையில் கொதித்துக்கொண்டிருந்த தேநீரை வடிகட்டிக் கோப்பைகளில் ஊற்றினாள். பக்கிரி இரண்டைத் தட்டோடு எடுத்துக்கொண்டு முன்பக்கம் போனான்.

இதன் பிறகு நடந்ததைத்தான் காசம்மாளால் சாகிறவரைக்கும் மறக்க முடியவில்லை. கஸ்தூரி அம்மாள் கெட்ட மனுஷி இல்லை. இரக்கப்பட்டாள். இரக்கப்பட்டு, கொட்டகைச் சுவரில் செருகியிருந்த கொட்டாங்குச்சியை எடுத்துக் கீழே வைக்கச் சொன்னாள். தவலையில் மிச்சமிருந்ததை எட்ட நின்று, உயரத்திலிருந்து, அதில் ஊற்றினாள்.

"குடிடி. பாவம், நடந்து வந்திருக்கிற. அந்தக் கூஜாவுக்கு பதிலா ரெண்டு மரக்கா நெல்லு அளக்கச் சொல்றேன். ஒங்களுக்கு எதுக்குடி இந்தச் சொகுசு சாமானெல்லாம்?"

காசம்மாள் குனிந்து கொட்டாங்குச்சியை எடுத்தாள். வாசனை மூக்கில் ஏறியது. அவள் டப்பாத் தேயிலை. அவள் புருஷன் கடல் தாண்டி அனுப்பியது, அவனுக்காகத் துணி போர்த்தி வைத்தது. கோப்பை அவளுடையது, வடிகட்டி அவளுடையது, தேயிலை அவளுடையது. அவளுக்கு மட்டும் கொட்டாங்குச்சி.

முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"எங்கடி போற? அந்தப் பக்கம் போவாதடி!" என்று கஸ்தூரி அம்மாள் கத்தினாள். காசம்மாள் கொட்டாங்குச்சியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, ஒரு சொட்டு சிந்தாமல், வீட்டைச் சுற்றி முன்வாசலுக்குப் போனாள். அந்த வாசலை அவள் அதற்கு முன் தூரத்திலிருந்துதான் பார்த்திருக்கிறாள்.

பந்தல் போட்டிருந்தார்கள். நடுவில் மேசை. ஒரு பக்கம் அந்த இஞ்சினீர், தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு. எதிரே அரங்கநாதன். தன் நிலத்துக்குத் தண்ணீர் விடுகிற மதகை முதலில் செப்பனிட வைப்பதற்காக வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தார். கோப்பையை மீசை வரைக்கும் கொண்டுபோவதும், குடிக்காமல் இறக்குவதுமாக இருந்தார். பக்கத்தில் நின்றவன் தணிகைவேல், மேரி என்கிற பிரெஞ்சு நகராட்சிக் கச்சேரியில் எழுத்தன், இருவருக்கும் நடுவே பிரெஞ்சும் தமிழுமாக மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தவன்.

காசம்மாள் நேராக வந்து கொட்டாங்குச்சியை மேசைமேல் வைத்தாள்.

"ஆண்டே, இது ஒங்க பாத்திரம். ஒங்ககிட்டயே ஒப்படைச்சிட்டேன். எம் பாத்திரத்தக் குடுங்க."

அரங்கநாதன் முகத்தில் ஈயாடவில்லை. "பக்கிரி! இவள இழுத்துக்கிட்டுப் போடா!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

பக்கிரி இரண்டடி வைத்து நின்றுவிட்டான். இஞ்சினீர் கையைக் காட்டி நிறுத்தியிருந்தார். தணிகைவேலைப் பார்த்து என்னவோ கேட்டார். தணிகைவேல் அரங்கநாதனைப் பார்த்தான், காசம்மாளைப் பார்த்தான், எச்சிலை விழுங்கினான்.

"இன்னா சொல்றேன்னு கேக்கறாரு," என்றான்.

"நான் சொன்னத அப்படியே சொல்லு. இந்த வெள்ளக்கார முசே குடிக்கிறது என் கோப்பை. எம் புருசன் சைகோன்லேர்ந்து அனுப்பினது. அவன் இன்னும் அதுல வாய் வக்கல, நானும் வக்கல. கூஜாவத் தீட்டுன்னு நெருப்புல போட்டு ஒடச்சாங்க. எனக்கு என் தேத்தண்ணியவே இதுல ஊத்திக் குடுத்தாங்க. முசே குடிச்சி முடிச்சிட்டுக் குடுக்கட்டும். அவசரமில்ல, நான் நிக்கறேன்."

தணிகைவேல் எவ்வளவைச் சொன்னானோ, எவ்வளவை விழுங்கினானோ, யார் கண்டார்கள்? ஆனால் இஞ்சினீர் கோப்பையைப் பார்த்தார், கொட்டாங்குச்சியைப் பார்த்தார், அப்புறம் வெகுநேரம் அரங்கநாதனைப் பார்த்தார். வெள்ளைக்காரர்கள் மட்டும் என்ன உத்தமர்களா? அந்த ஆளும் நாளைக்கு இதையெல்லாம் மறந்துவிடுவார். அந்த நேரத்துக்கு அவருக்கு முகம் சிவந்தது, அவ்வளவுதான். மிச்சத்தைக் குடித்துவிட்டு, எழுந்து, கோப்பையைத் தட்டோடு அவள் கையிலேயே கொடுத்தார்.

இஞ்சினீரே எழுந்து கொடுத்த பிறகு அரங்கநாதன் என்ன செய்வார்? அவரும் எழுந்தார். ஆறிப்போன தேநீரைத் தரையில் கொட்டிவிட்டு, விரல் படாமல் மேசை விளிம்பில் கோப்பையை வைத்தார்.

"இன்னும் ரெண்டு உள்ள கீது," என்றாள் காசம்மாள். "வடிகட்டியும் டப்பாவும்."

பக்கிரி ஓடிப்போய் எடுத்து வந்தான். எல்லாவற்றையும் மடியில் கட்டிக்கொண்டு, ஊர்த்தெரு நடுவிலேயே நடந்து அவள் சேரிக்கு வந்தாள். மறுநாள் முதல் அரங்கநாதன் நிலத்தில் அவளுக்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொன்ன நெல்லும் வரவில்லை. அவளும் கேட்கப் போகவில்லை.

இன்னாசிமுத்து சொன்னபடியே வந்து இறங்கினான். கூஜா கதையைக் கேட்டு எழுந்து நின்று பல்லை நறநறவென்று கடித்தான், அப்புறம் உட்கார்ந்தான். தேநீர் மண்சட்டியில்தான் கொதித்து இறங்கியது. காசம்மாள் கோப்பைகளை எடுத்து வைத்தபோது, பக்கத்து வீட்டுக் கலியம்மாள் வாசலில் நின்றபடி மோவாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"ஏண்டி காசம்மா, அவங்க தொட்டு, வாய் வச்சி, கோமியமெல்லாம் ஊத்தின கோப்பையாச்சே. இதுலயா குடிக்கப் போறீங்க?"

காசம்மாள் புருஷனுக்குச் சமமாகப் பாயில் உட்கார்ந்து, கோப்பையை அதன் காதைப் பிடித்துத் தூக்கினாள்.

"தண்ணி ஊத்திக் கழுவிட்டேன், போயிடுச்சு," என்றாள். "மனுசங்க தொட்டதுதானடி. அதுக்குப் போயி நெருப்புல வைக்க நான் இன்னா புத்தி கெட்டவளா?"