ஞாயிற்றுக்கிழமை இரை

பாம்பின் இரையைச் செமிக்க வைப்பது வயிறு மட்டுமல்ல, அது படுத்திருக்கும் இடத்தின் சூடும்தான். பாம்பின் உடம்பு தனக்கு வேண்டிய சூட்டைத் தானாக உண்டாக்காது. ஆகவே எலியை விழுங்கியதும் சூடான மூலையைத் தேடிப் போய்ச் சுருண்டுகொள்ளும். அதன் பிறகுதான் வயிறு புதிதாக அமிலம் சுரக்கத் தொடங்கும். எலும்பு உட்பட எல்லாம் கரைய இரண்டு மூன்று நாளாகும். அதற்கிடையில் யாராவது தூக்கினால் பாம்பு அதை ஆபத்தென்றே எடுத்துக்கொள்ளும். வயிற்றுப் பாரத்தோடு தப்பி ஓட முடியாது என்பதால், பாரத்தை வெளியே தள்ளிவிடும்.

லெஸ்லிக்கு இது தெரியும். அவன் லிஃப்ட் திருத்துபவன். எப்படி இயங்குகிறது என்று அறியாத ஒன்றை வீட்டில் வைத்திருக்க மாட்டான். மகள் ஷெரோமிக்குப் பன்னிரண்டு வயதானபோது, செம்மஞ்சள் நிறத்தில், விஷமில்லாத அந்தக் கோர்ன் பாம்பை வாங்கிக் கொடுத்தான். வாங்குவதற்கு முன் பல வாரங்கள் அதைப் பற்றியே வாசித்தான். ஷெரோமி அதற்கு மிளகாய் என்று பெயர் வைத்தாள்.

அதற்கு முன்பே அவனும் மனைவி மேரிசாந்தியும் பிரிந்திருந்தார்கள். மகள் தாயோடு லண்டன் டூட்டிங்கில். "அந்தச் சனியன் என்ர வாசல்படி ஏறக்கூடாது" என்று மேரிசாந்தி சொல்லிவிட்டாள். அவள் அப்படிச் சொல்வாள் என்று தெரிந்துதான் லெஸ்லி பாம்பை வாங்கினான். மிளகாய் குரோய்டனில் அவனுடைய ஃபிளாட்டிலேயே தங்கியது.

ஞாயிறு பூசை முடிந்ததும் ஷெரோமி வருவாள். லெஸ்லி புட்டும் கணவாய்க் கறியும் சமைத்து வைத்திருப்பான்.

"சாப்பிட்டிட்டுத்தான் வந்தனான் அப்பா. அம்மா விடேல்லை."

அவளை இழுத்து வந்தது எலிதான். உறைந்த எலியைச் சுடுதண்ணீரில் இளக்கி, இடுக்கியால் பிடித்து ஆட்டுவாள். மிளகாய் பாய்ந்து கவ்வும். கீழ்த்தாடையின் இரு பாதிகளும் மாறி மாறி முன்னேற, எலி உள்ளே போகும். பத்து நிமிடம். பிறகு அவள் போனைப் பார்ப்பாள். அதில் பஸ் வரும் நேரத்தைப் பார்ப்பாள். ஒருமுறை லெஸ்லி புதன்கிழமையே இரை கொடுத்துவிட்டான். "அப்ப அடுத்த கிழமை வாறன்" என்று மெசேஜ் வந்தது. அவன் அந்தத் தவறை மறுபடி செய்யவில்லை.

ஒரு ஞாயிறு, எலியின் வால் மறைந்ததும் ஷெரோமி கேட்டாள்.

"இவனைத் தூக்கட்டோ? ரெண்டு நாள் தொடக்கூடாதெண்டு யூரியூப்பில சொல்லினம்."

"அது பெரிய மலைப்பாம்புகளுக்கு. இவன்ர வயிறு சின்னன், கெதியாச் செமிச்சிடும்."

அவள் நம்பினாள். ஆறு வயதில் லிஃப்டில் ஏற மாட்டேன் என்று அழுதவளுக்கு, ஒரு கயிறே பாரத்தைத் தாங்கும் என்றும், எல்லாக் கயிறும் அறுந்தாலும் கீழேயுள்ள பிடிகள் தண்டவாளத்தைக் கவ்விக்கொள்ளும் என்றும் படம் கீறிக் காட்டியவன் அவன். அதற்குப் பிறகு அப்பா சொன்னதை அவள் ஒருநாளும் சரிபார்த்ததில்லை.

அன்று பாம்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பின்னேரம் வரை இருந்தாள். பள்ளிக்கூடக் கதையெல்லாம் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை வேலையால் வந்து கதவைத் திறந்தபோது நாற்றம். பாதி கரைந்த எலி பெட்டிக்குள் கிடந்தது. கக்கும்போது இரை மட்டும் போவதில்லை, அமிலமும் போகிறது. போகும் வழியில் தொண்டையையும் சுடுகிறது. ஆகவே இரண்டு வாரம் பட்டினி போட வேண்டும். பிறகு சிறிய இரை. கை படவே கூடாது. இதுவும் அவனுக்குத் தெரியும்.

ஆனால் ஞாயிறு வந்தது. கொஞ்சம் சிறிய எலியாகக் கொடுத்தான். அதுவும் வெளியே வந்தது, அடுத்தடுத்த வாரங்களிலும் அப்படியே. பெட்டிக்கு அடியிலிருந்த சூட்டு விரிப்பின் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கருவியை மாற்றினான். பெட்டியை ஜன்னலிலிருந்து தள்ளி வைத்தான். தண்ணீர்ச் சட்டியைப் பெரிதாக்கினான். பழுதான இடத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் திருத்தினான். கக்கியதைப் பையில் கட்டிக் குப்பைக்குள் போட்டான், மகளுக்குச் சொல்லவில்லை.

நலமான பாம்பின் உடம்பு ரோஸ் பாண் என்ற நீள ரொட்டிபோல உருண்டையாக இருக்கும். மெலியும்போது பக்கங்கள் ஒடுங்கி, முதுகெலும்பு கூரை முகடுபோல மேலே நிற்கும். கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே அது கைக்குத் தெரிந்துவிடும்.

"அப்பா, இவன்ர முதுகு கூராக் கிடக்கு."

"வளருறான். நீளுறவங்கள் அப்பிடித்தான்."

"இல்லை. வெட் டொக்டரிட்டைக் காட்டுவம்."

மிருக வைத்தியர் ஓர் இளம் வெள்ளைக்காரி. வாந்தி எடுத்ததா என்று கேட்டார். ஷெரோமி இல்லை என்றாள். லெஸ்லி சுவரில் இருந்த ஆமைப் படத்தைப் பார்த்தான். வைத்தியர் பாம்பின் வாயை மெல்லத் திறந்து விளக்கடித்தார். தொண்டை சிவந்து புண்ணாகியிருந்தது. இது ஒருமுறை எடுத்த வாந்தி அல்ல என்றார். எப்போது இரை, எப்போது கையில் எடுப்பது?

"ரெண்டும் ஞாயிறு. கோர்ன் பாம்புக்குப் பரவாயில்லை எண்டு அப்பா சொன்னவர்."

வைத்தியர் லெஸ்லியைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே ஷெரோமிக்கு விளங்கிவிட்டது.

காரில் அவள் பாம்புப் பெட்டியை மடியில் வைத்திருந்தாள்.

"எத்தினை தரம் சத்தி எடுத்தவன்?"

"அஞ்சாறு தரம்."

"ஏனெண்டு உங்களுக்குத் தெரியும்தானே?"

"ஓம்."

"அப்ப ஏன் எனக்கு அப்பிடிச் சொன்னீங்கள்?"

"நீ நிப்பாய் எண்டுதான்."

"கேட்டிருக்கலாம்தானே. சும்மாவே நிண்டிருப்பன்."

அவன் அதை நம்பவில்லை. சொன்னவளும் நம்பினாளா என்பது அவள் முகத்தில் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு அவள் மேலே வந்து சப்பாத்தைக் கழற்றாமல் நின்றாள்.

"அம்மா ஓம் எண்டிட்டா. இவன் இனி எங்கட வீட்டிலதான்."

"அம்மாவோ? பாம்பெண்டால் கத்துவாவே."

"என்ர அறைக்குள்ள வைக்கலாமாம். அப்ப நான் ஒவ்வொரு ஞாயிறும் இஞ்ச மினக்கெடத் தேவையில்லையாம்."

மேரிசாந்திக்கும் அந்தப் பாம்பு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்திருந்தது.

கண்ணாடிப் பெட்டியை லெஸ்லியே தூக்கிக்கொண்டு லிஃப்டில் இறங்கினான். கீழே மேரிசாந்தி காரின் எஞ்சினை நிறுத்தாமல் இருந்தாள். பின்சீற்றில் பெட்டியை வைத்துப் பெல்ற்றால் கட்டினான்.

"இனிக் கொஞ்ச நாளைக்கு ஒண்டும் குடுக்காதை, தண்ணி மட்டும். பிறகு மயிர் முளைக்காத குஞ்சு எலி ஒண்டு. பெரிசு குடுத்தால் திருப்பிக் கக்குவான்."

ஷெரோமி போனை எடுத்து எதையோ தட்டினாள். ஒதுங்கி நின்று வாசித்தாள். அவன் காத்து நின்றான்.

"ஓம். சரியாத்தான் சொல்லியிருக்கிறீங்கள்."

"சூட்டு விரிப்பைப் பெட்டியின்ர ஒரு பக்கத்தில மட்டும் வை. மற்றப் பக்கம் குளிராக் கிடக்கட்டும். தனக்கு எது வேணுமெண்டு அவனே பார்த்துப் போவான்."

அவள் தலையாட்டவில்லை. அதையும் போனில் தட்டத் தொடங்கினாள்.