ஞாயிற்றுக்கிழமை வேலை

டெல்ராய் பிக்கெட்டின் தலைக்குள்ளிருந்து முதல் மோதல் வெளியே கேட்டது, அவன் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தை விட்டு ஊர் திரும்பிய மூன்றாம் வருடம், செப்டம்பர் இரண்டாவது ஞாயிறு, நண்பகல் பன்னிரண்டு மணி இரண்டு நிமிடத்துக்கு. லாரியில் பெரிய மரக்கட்டை விழுந்ததுபோல் இருந்தது. மிசிசிப்பியில் எங்கள் பக்கத்துச் சபைகளில், டிவியில் வரும் பன்னிரண்டு மணி ஆட்டத்துக்கு முன் ஆராதனை முடிந்துவிட வேண்டும். பரலோகமே இறங்கினாலும் அதற்குமேல் யாரும் உட்கார மாட்டார்கள். அன்றைக்கு பாஸ்டர் டில்லார்ட் பிரசங்கத்தில் யோனாவை மீன் வயிற்றிலிருந்து எடுக்க நேரமாகிவிட்டது. அதனால் சபை முழுவதும் கேட்டது.

பதினொரு வருடம் அவனுக்குத் தொழில் ஒன்றுதான்: எதிரணியில் பந்தோடு ஓடிவருபவனை முட்டி வீழ்த்துவது. அந்த முட்டல்கள் எல்லாம் இப்போது ஒரு ஞாயிறுக்கு ஓர் ஆட்டம் என்று வரிசை மாறாமல் திரும்பி வந்தன. பழைய ஆட்டங்களின் தேதியை எழுதிவைத்திருந்தவர்கள், "இன்னைக்கு அந்த மழை ஆட்டம், பாட்டுக்குழு கொஞ்சம் உரக்கப் பாடுங்க" என்று முன்கூட்டியே சொன்னார்கள். பெரிய முட்டலுக்குப் பிறகு அணி மருத்துவரின் குரலும் அதே தலையிலிருந்து வரும்.

"எத்தனை விரலு?"

"மூணு" என்பான் டெல்ராய், எதிரே யாருமில்லாத இடத்தைப் பார்த்து.

"ரெண்டு. பரவால்ல, கிட்டத்துல வந்துட்ட. உள்ள போ."

உடனே மைதானத்துக்குள் போவதுபோல் எழுந்து ஓடுவான். சபைக்கு எதிரே நெடுஞ்சாலை. மர லாரிகளுக்கு ஞாயிறும் திங்களும் ஒன்றுதான். மனைவி வெர்னீட்டா வீட்டில் பூட்டிவைத்துப் பார்த்தாள். இரண்டு கதவுகள் போயின. இருநூற்று நாற்பது பவுண்டு ஆளை ஒற்றைப் பெண் எப்படிப் பிடிப்பாள்? ஞாயிறுகளில் கூட இருக்க ஒரு ஆண் நர்ஸ் வேண்டும் என்று அவன் ஆடிய அணிக்கு எழுதினாள். அணியிலிருந்து மூன்று பேர் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார்கள். அவள் பீச் பழம் வைத்துச் சுட்ட பலகாரத்தைச் சாப்பிட்டுக்கொண்டே டெல்ராயின் நெற்றியில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை வாங்கய்யா, தெருவுல நின்னாலே கேக்கும்."

அவர்களில் மூத்தவர் சிரித்தார். "ஞாயித்துக்கிழமை நாங்க வேலை பாக்கறதில்லம்மா. குடும்பம் இருக்குல்ல."

வெர்னீட்டா அவர் கையிலிருந்த தட்டைப் பிடுங்கினாள். முள்கரண்டி அவர் வாயிலேயே நின்றது. "பதினோரு வருசம் எம்புருசன் எந்தக் கிழமையில வேலை பாத்தாரு? அவருக்கு மட்டும் குடும்பம் இல்லாமப் போச்சா? அவர் கல்யாண நாளு, புள்ள பொறந்த நாளு, எல்லாம் உங்க ஞாயித்துக்கிழமையிலதான் போச்சு. எந்திரிங்கய்யா!"

பத்து நாளில் கடிதம் வந்தது. ஒலி எதுவும் இல்லை. அப்படியே இருந்தாலும் ஆட்டத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. சத்தத்தைக் காதால் கேட்டவர்கள் இருநூற்றுப் பதினான்கு பேர் கையெழுத்துப் போட்டு மறுபடி எழுதினார்கள். மருத்துவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் மணி, நிமிடத்தோடு அதில் இருந்தது. பழைய கடிதமே தேதி மட்டும் மாறி வந்தது.

அக்டோபரில் ஒரு ஞாயிறு டெல்ராய் சாலையின் நடுக்கோடு வரை போய்விட்டான். லாரி அவனைத் தொடாமல் திரும்பி நின்றது. அதிலிருந்த பதினெட்டு மரக்கட்டைகள் தபால்பெட்டிகளின் மேல் உருண்டன. பாஸ்டர் பிரசங்க மேடையை அறைந்தார். "அவனை உள்ள போன்னு சொல்ல அவங்களுக்கு வாய் இருக்கு. போகாதேன்னு சொல்ல நமக்கு ஆள் இல்லையா?"

சபைக் காரியங்கள் பார்க்கும் டீக்கன் எஸ்ரா டல்லி எழுந்தார். "பாஸ்டர், பள்ளிக்கூட ஆட்டத்துல நாலு வருசம் இவன் எதிர்ல நின்னேன். ஒரு தடவைகூட இவனை நிறுத்தினதில்ல."

"அப்ப அவனுக்கு பதினேழு. இப்ப முழங்கால் போச்சு."

"எனக்கும்தான் போச்சு!"

"ரெண்டு பேருக்கும் போயிருந்தா சரிசமம். வாங்க, முன்னால நில்லுங்க."

அடுத்த ஞாயிறு வாசலில் ஏழு பேர் தோளோடு தோள் ஒட்டிக் குனிந்து நின்றார்கள். இருவர் பாட்டுக்குழுப் பெண்கள். முதல் முட்டலில் எஸ்ராவின் பல் போயிற்று. எழுந்து, துப்பி, மறுபடி குனிந்தார். வரிசை பின்வாங்கியது, படிவரை போயிற்று, நின்றது. வெர்னீட்டா கணவன் காதுக்குள் குனிந்து, "ரெண்டு விரலு டாக்டர். அவருக்குத் தெரியல. அனுப்பாதீங்க" என்று கத்தினாள். "பரவால்ல, உள்ள போ" என்றது குரல். ஏழு பேரும் அசையவில்லை. டெல்ராய் அவர்கள் தோள்மேல் சாய்ந்து மூச்சு வாங்கினான்.

சத்தம் கேட்கத் தொடங்கி இது ஆறாவது வருடம். அணியிலிருந்து இன்னும் யாரும் ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. இன்னும் ஐந்து வருட ஆட்டம் டெல்ராயின் தலைக்குள் பாக்கி இருக்கிறது. செப்டம்பர் பிறந்தால் பாஸ்டர் பதினொன்றே முக்காலுக்கே ஆமென் சொல்லிவிடுகிறார்; வரிசையில் நிற்பவர்கள் ஷூ லேஸ் கட்ட நேரம் வேண்டும்.