பதினேழு புள்ளி முப்பத்தெட்டு மில்லிமீட்டர்

கீழே வருகிற ஒவ்வொரு சொல்லும் நிஜம். இடது கையை வேதாகமத்தின் மேல் வைத்துக்கொண்டு வலது கையால் எழுதுகிறேன். தாள் பறந்தால் பிடிக்க மூன்றாவது கை கிடையாது என்பதால் ஃபேனையும் நிறுத்திவிட்டேன்.

தாம்பரத்தில் எங்கள் சபை பேண்டில் நாற்பது வருடமாக பிரெஞ்சு ஹார்ன் ஊதுகிறேன். ஈஸ்டர் காலை ஆராதனையில் நாலு பார், அதாவது நாலு தாளக்கட்டு, எனக்கு மட்டும். மற்றவர்கள் வாத்தியத்தை இறக்கிவிட்டு என்னைப் பார்ப்பார்கள். வருடம் முழுக்க என்னை யாராவது பார்ப்பது அப்போதுதான். போன ஜனவரியில் மேல்வரிசைக்குப் பல்செட் கட்டினேன். அன்றோடு அந்த நாலு பாரின் உச்சி சுரம் போயிற்று. ஊதினால் சைக்கிள் டியூப் மாதிரி காற்றுதான் வந்தது.

பேண்டை நடத்தும் எப்சி அன்பாகத்தான் சொன்னாள்: "ஞானையாண்ணா, ஈஸ்டருக்குள்ள அது வரலைன்னா நான் கீபோர்டுல வாசிச்சிடறேன். நீங்க டென்ஷன் ஆகாதீங்க."

உதட்டில் வைத்து ஊதும் மௌத்பீஸை மாற்றிப் பார்க்கலாம் என்று பம்மலுக்குப் போனேன். சௌகத் அலி அங்கே லேத் பட்டறை வைத்து, கார்களுக்கு உதிரிபாகம் கடைகிறவர்.

"இன்னா அண்ணே, பல்லைக் கட்டிகினு வந்து பித்தளை மேல பழி போட்றியே?"

"பாய், நீ கடைஞ்சு குடு. பல்லை நான் பாத்துக்கிறேன்."

வாய் அகலம் பதினெட்டு மில்லிமீட்டரில் ஒன்று கடைந்தார். குரல் கனமாக இறங்கியது. பக்கத்துப் பழைய கிடங்கில் காய்ந்து கிடந்த எருமைத்தோல்கள் எழுந்து கேட் வரை நடந்தன. உச்சி சுரம் மட்டும் வரவில்லை. பதினேழில் உச்சி வந்தது, ஊசி மாதிரி. பாயின் மூக்குக்கண்ணாடியில் ஒரு துளை விழுந்தது. பதினேழரையில் சுரம் அடுத்த தெருவில் கேட்டது, பட்டறையில் கேட்கவில்லை.

பாய் பெருமூச்சு விட்டு, பிஸ்டனை அளப்பதுபோல வெர்னியரை என் உதட்டில் வைத்து அளந்தார்.

"பதினேழு புள்ளி முப்பத்தெட்டு. இந்த சைஸ் எந்தக் கம்பெனிக்காரனும் போட மாட்டான். நீ ரிஜெக்ட் பீஸு அண்ணே."

கடைந்தார். விளிம்பை மட்டும் தன் லுங்கியால் ஒன்றரை மணி நேரம் பாலிஷ் போட்டார்.

ஈஸ்டர் வந்தது. நாலு பாரையும் ஊதினேன். உச்சி சுரம் ஜன்னல் வழியாகக் கிளம்பி வண்டலூர் மிருகக்காட்சிசாலை வரை போயிற்று. அங்கே ஒரு சிங்கம் அதே சுரத்தில் பதில் கொடுத்தது. இரண்டும் சேர்ந்து திரும்பி வந்தபோது போதகர் ஆசீர்வாதம் முடித்து ஆமென் சொல்லிக்கொண்டிருந்தார். எப்சி எழுந்து நின்று கைதட்டினாள்.

அன்றைய ஆராதனையின் வீடியோ சபையின் யூடியூபில் இருக்கிறது. அந்த நாலு பார் முழுக்க எப்சியின் கை கீபோர்டில் இருக்கிறது, ஹார்ன் என் மடியில் இருக்கிறது.