மடவை இல்லாத நவம்பர்

...அப்படியென்றால் நவம்பர் பத்துக்கு மேல் ஒரு மடவை மீன் கூடவா இல்லை, ராஜலட்சுமி திரையில் வரைபடத்தைப் பார்த்தாள், பதினோராம் தேதி தரையோடு படுத்த கோடு டிசம்பர் முடியும்வரை எழுந்திருக்கவே இல்லை, சரி, நமக்கென்ன, கடலை அவள் பார்த்ததே கிடையாது, ஓசூர்க்காரர்களுக்குக் கடல் என்றால் கெலவரப்பள்ளி அணைதான், அந்தத் தென்பெண்ணைத் தண்ணீர்தான் கடைசியில் கிழக்கே போய்க் கடலில் விழுகிறதாம், விழுகிற கழிமுகத்தில் என்ன மீன், என்ன நண்டு என்று யாரோ ஒருவர் படகில் போய் எண்ணித் தாளில் எழுத, அது மூட்டையாகப் பாகலூர் ரோட்டு மாடி ஆபீசுக்கு வர, இவள் தட்டிக் கணினியில் ஏற்ற... எங்கே உட்கார்ந்துகொண்டு எங்கே மீன் பிடிக்கிறோம் பார். மீன் இல்லையென்றால் வடக்குக் கரையில் ஓர் ஆலை கழிவுநீர்க் குழாய் இறக்கலாம், இருந்தால் முடியாது, அறிக்கையே அதற்குத்தான், நாலு மணி கூரியரில் போயாக வேண்டும், போய்விட்டால் இந்த மாதமே வேலை நிரந்தரம் என்று மோகன்குமார் சார் சொல்லியிருக்கிறார்.

தாள்களைக் கட்டிவைக்கத் தட்டி அடுக்கியபோது ஒன்று நழுவிக் கவிழ்ந்து விழுந்தது. பின்பக்கம் பென்சிலில், புயல், படகு இறக்கவில்லை. அடுத்ததைத் திருப்பினாள், இன்ஜின் ரிப்பேர். அதற்கடுத்தது, மழை, போகவில்லை... முன்பக்கம் கட்டமெல்லாம் காலி. காலியைப் பூஜ்ஜியமாக்கியது யார், வேறு யார், இவளேதான், இரண்டு வருடம் சிப்காட்டில் பிரேக் பாகம் சோதித்த கையல்லவா, அங்கே ஒரு கட்டம் காலியாக இருந்தால் சூப்பர்வைசர் திம்மப்பன் கன்னடத்தில் பாதி தெலுங்கில் பாதியாகத் திட்டித் தீர்ப்பார், பழுது இல்லையா, ஜீரோ போடு, காலி விடாதே. அங்கே பூஜ்ஜியம் நல்ல சேதி, பூஜ்ஜியம் கூடினால் ஷிப்டுக்கே பாராட்டு. இங்கே பூஜ்ஜியம் என்றால் தேடியும் ஒன்றுமே இல்லை என்றல்லவா ஆகிறது, ஆனால் யாரும் போகாத நாளில் மீன் இருந்ததா இல்லையா, யாருக்குத் தெரியும்? திருத்தலாம், ஒவ்வொரு தாளாகத் திருப்பிப் பார்த்து, இரண்டு நாள் பிடிக்கும், கூரியர் போய்விடும், சாரின் முகம் எப்படி ஆகும், மறுபடி சிப்காட் வாசலில் போய் நிற்பதா... பயமாகத்தான் இருந்தது, ஆனால் பக்கத்து வீட்டுக்காரியின் பயம் மாதிரி, கொஞ்சம் தள்ளி.

"ராஜி, பிரின்ட் குடுத்துட்டியா? டேட்டாவ ஒருக்கா செக் பண்ணிட்டதானம்மா?" வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே மோகன்குமார் கேட்டார்.

"பண்ணிட்டேன் சார்."

யார் சொன்னது, அவள் இன்னும் யோசித்துக்கொண்டுதானே இருந்தாள், குரல் அதுபாட்டுக்கு முந்திக்கொண்டதே, விரலும் கூடவே போய்ப் பொத்தானை அமுக்கியிருக்கிறது, அச்சுப்பொறி முனகிக்கொண்டு ஒன்று, இரண்டு, மூன்றாம் பக்கம்... நிறுத்தலாம், எட்டும் தூரம்தான், சார் இன்னும் படி இறங்கவில்லை. நிறுத்திவிட்டு என்ன சொல்வது, தெரியாமல் செய்துவிட்டேன் சார், என்றா? அவர் கேட்பதற்கு முன்னால் சொல்லியிருந்தால் அது உண்மையாக இருந்திருக்கும்.