மதகில்லாத ஏரி

சிங்கப்பூரில் அது கடைசி நாள். உத்திரமேரூர் நூலகத்தில் வேலை பார்க்கும் ஆனந்தனுக்கு ஒரே ஆசைதான் மிச்சமிருந்தது: யாரும் பேசாத ஒரு மணி நேரம். கூட வந்த கன்னியப்பனும் வீரபத்திரனும் கப்பலின் அடித்தட்டில் ஏறியதிலிருந்து வாயை மூடவில்லை. செலவுக்குப் பயந்து ஊர் அரிசியை லாட்ஜ் அறையில் ஸ்டவ் வைத்துப் பொங்கித் தின்றார்கள். எதைக் காட்டினாலும் தங்கள் கிராமமான பெருநகரோடு ஒப்பிட்டு உதட்டைப் பிதுக்கினார்கள். இவர்கள் எதற்குக் கடல் தாண்டினார்கள் என்று ஆனந்தன் மனதுக்குள் காறித் துப்பிக்கொண்டே இருந்தான்.

நகரத்து ஓரத்தில் ஒரு ஏரி. காசு கேட்காத இடம் என்பதால் அவர்களும் வந்தார்கள். கரை முழுக்கக் காடு. தண்ணீர் அசையாமல் கிடந்தது. ஆனந்தன் உட்கார்ந்தான்.

"இன்னாடா, மதகே காணோம்?" என்றான் கன்னியப்பன்.

"குடிக்க மட்டும் வச்சிக்கினு கீறானுங்க. இவ்ளோ தண்ணிக்கு ஒரு போகம் நெல்லு போடாதவன்லாம் ஒரு மனுசனா?" என்றான் வீரபத்திரன்.

"தோ, அந்தச் சீனக்காரப் பெரியவரு குந்திக்கினு கீறாரு. இதுல பாயிற ஆயக்கட்டு எத்தினி ஏக்கருன்னு கேளு ஆனந்தா. உனுக்குத்தான் இங்கிலீசு வருமே," என்றான் கன்னியப்பன்.

ஆனந்தன் எழுந்து கரையோரமாக நடந்தான். அவர்கள் குரல் தேய்ந்து மறைந்தது. கேட்ட அமைதி கிடைத்துவிட்டது.

கால் மணி நேரம் கழித்துத்தான் உணர்ந்தான். இவ்வளவு தூரமும் அவன் தண்ணீரையே பார்க்கவில்லை. கரை எங்கே தாழ்கிறது, மதகு எங்கே இருக்கும் என்றுதான் பார்த்துக்கொண்டு வந்திருந்தான்.

இப்போது தன்மீதே துப்பத் தோன்றியது.